லினக்ஸ் ஃபயர்வால்: இணைப்பு எங்கே தடைபடுகிறது என்று கண்டறிவது எப்படி?

ஒரு சேவையை வேறொரு கணினியிலிருந்து அணுக முடியவில்லை என்றதும் ஃபயர்வாலை (வரும், போகும் இணைப்புகளை விதிகளின்படி அனுமதிக்கும் அல்லது தடுக்கும் மென்பொருள்) முழுவதுமாக அணைத்துவிட வேண்டாம். தவறு அதனுடையதுதானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இணைப்பு மறுக்கப்பட்டதாக உடனே செய்தி வந்தால், பெரும்பாலும் அந்தப் போர்ட்டில் (ஒரு சேவையை அடையாளம் காட்டும் எண்) எந்தச் சேவையும் இயங்கவில்லை என்று பொருள். நெடுநேரம் கழித்துக் காலம் கடந்துவிட்டதாகச் செய்தி வந்தால், பாக்கெட்டுகளை, அதாவது நீங்கள் அனுப்பும் தரவுத் துண்டுகளை, ஏதோவொரு ஃபயர்வால் பதிலே அனுப்பாமல் கைவிடுகிறது என்று சந்தேகிக்கலாம்.

அடுத்து, சேவை இயங்கும் கணினியில் எஸ்எஸ் கட்டளையை (ss -tln) கொடுத்து, எந்தப் போர்ட்டுகள் திறந்திருக்கின்றன என்று பாருங்கள். முகவரி 127.0.0.1:8080 என்று இருந்தால், அச்சேவை அதே கணினியிலிருந்து வரும் இணைப்புகளை மட்டுமே ஏற்கும். ஃபயர்வாலில் எத்தனை விதிகளைச் சேர்த்தாலும் பயனில்லை, சேவையின் அமைப்புக் கோப்பைத்தான் திருத்த வேண்டும். 0.0.0.0:8080 என்று, அதாவது கணினியின் எல்லா முகவரிகளிலும் ஏற்பதாக இருந்தால், ஃபயர்வால் விதிகளைப் பார்க்கத் தொடங்குங்கள்.

உபுண்டுவில் வழக்கமாக உள்ள ஃபயர்வால் கருவியான யூஎஃப்டபிள்யூ (ufw), விதிகளை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் விதியையே பின்பற்றும். எனவே 8080-ஐத் தடுக்கும் விதி மூன்றாவதாக இருக்கும்போது, அதை அனுமதிக்கும் விதியை ஏழாவதாகச் சேர்த்தால் எதுவும் மாறாது. ஃபெடோராவின் ஃபயர்வால் கருவியான ஃபயர்வால்டியில் (firewalld) சிக்கல் வேறு: நிரந்தரமாகச் சேர்த்த விதி, விதிகளை மறுஏற்றம் (reload) செய்த பிறகே நடைமுறைக்கு வரும், தற்காலிகமாகச் சேர்த்ததோ மறுஏற்றத்துடன் மறைந்துவிடும். செயலிகளைத் தனித்தனிக் கொள்கலன்களில் இயக்கும் டாக்கர் (Docker) வெளியிடும் போர்ட்டுகள் யூஎஃப்டபிள்யூவின் விதிகளைத் தாண்டிச் செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம். மூடியிருப்பதாக நீங்கள் நம்பும் தரவுத்தளம் இணையத்தில் திறந்து கிடக்கக்கூடும்.

இதன் பிறகும் காரணம் புலப்படவில்லை என்றால் பாக்கெட்டுகளைக் கண்காணிக்கும் டிசிபிடம்ப்பை (tcpdump) இயக்கிவிட்டு, வெளியிலிருந்து இணைய முயலுங்கள். உள்வரும் பாக்கெட்டுகளை அது ஃபயர்வாலுக்கு முன்பே காண்பதால், பாக்கெட் வந்தும் பதில் போகவில்லை என்றால் பெரும்பாலும் தடை இதே கணினியில் இருக்கிறது. பாக்கெட்டே வரவில்லை என்றால் ரவுட்டரிலோ கிளவுட் நிறுவனத்தின் பாதுகாப்பு விதிகளிலோ தேடுங்கள்.

தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் (SSH) வழியாக உள்நுழைந்து வேலை செய்பவர்கள், அது வழக்கமாகப் பயன்படுத்தும் 22-ஆம் போர்ட்டை அனுமதிக்கும் விதி இருப்பதைப் பார்த்த பிறகே எதையும் மாற்ற வேண்டும். எந்த விதியும் பொருந்தாதபோது பின்பற்றப்படும் இயல்புக் கொள்கை தடுப்பதாக இருக்கும்போது, லினக்ஸின் மற்றொரு ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸின் (iptables) விதிகள் அனைத்தையும் அழித்தால், உங்கள் இணைப்பும் அந்த நொடியே அறுந்துவிடும். ஆகவே, பத்து நிமிடத்தில் பழைய விதிகளைத் தானாக மீட்கும் ஒரு பணியை முன்கூட்டியே, குறித்த நேரத்தில் பணிகளை இயக்கும் அட் (at) கட்டளையில் பதிந்துவையுங்கள். இரண்டாவது முனையத்திலிருந்து புதிதாக உள்நுழைய முடிகிறது என்று கண்ட பிறகு அதை நீக்கிவிடலாம்.