காரைக்குடியிலிருந்து கொடைக்கானலுக்கு ஒரே நாளில்: எங்கே சொதப்புகிறோம்?

செட்டிநாட்டு வீடுகளில் விசேஷம் முடிந்த மறுநாள் ஒரு பேச்சு கட்டாயம் வரும். சென்னையிலிருந்து வந்த பிள்ளைகள் இன்னும் ஊர் திரும்பவில்லை, லீவு ஒரு நாள் மிச்சம், வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. "காலையில கொடைக்கானல் போயிட்டு ராத்திரிக்குள்ள வந்துரலாமே" என்று யாராவது ஆரம்பித்து வைப்பார்கள். வந்துவிடலாம்தான். நானும் நாலைந்து தடவை அப்படிப் போய்வந்திருக்கிறேன். அதில் இரண்டு தடவை மலையைப் பார்த்ததைவிட முன்னால் நின்ற வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

முதல் தப்பு கணக்கில். திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், வத்தலக்குண்டு என்று போனால் சுமார் 200 கிலோமீட்டர். "நாலு மணி நேரம்" என்று மனசு போடும் கணக்கு சமவெளிக் கணக்கு. வத்தலக்குண்டு வரை மூன்று மணி நேரம் சரி. அதற்கப்புறம் உள்ள அறுபது சொச்சம் கிலோமீட்டருக்கு நல்ல நாளிலேயே இரண்டு மணி நேரம் வேண்டும், விடுமுறை நாளில் மூன்றும் ஆகும். நிதானமாக ஏழு மணிக்குப் பணியாரமும் இட்லியும் சாப்பிட்டுக் கிளம்புகிறவர் மேலே போய்ச் சேரும்போது மதியம் பன்னிரண்டரை. சாப்பாட்டுக் கடையில் ஒரு மணி நேரம். வெளிச்சத்திலேயே மலை இறங்க வேண்டுமென்றால் மூன்றரைக்குக் கிளம்பியாக வேண்டும். மிச்சம் இரண்டே மணி நேரம். அதற்கா இவ்வளவு தூரம்?

விடிகாலை மூன்றரைக்குக் கிளம்புங்கள். ஆறரைக்கு வத்தலக்குண்டில் காபி, ஒன்பது மணிக்குள் மேலே. முந்தின ராத்திரி சீட்டுக் கச்சேரி வைத்துக்கொள்ளாமல், ஓட்டுகிறவரையாவது ஒன்பது மணிக்குப் படுக்க அனுப்புங்கள். காலைப் பலகாரம் மலை ஏறி முடித்தபிறகுதான். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வளைவுகளில் ஏறினால் பின்சீட்டில் என்ன நடக்கும் என்று பிள்ளை வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குமட்டல் வருகிறவரை முன்சீட்டில் உட்கார வையுங்கள். போனைப் பார்க்க விடாதீர்கள்.

இ-பாஸ் இல்லாமல் போய் நிற்பது அடுத்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இது வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். இணையத்தில் எடுப்பதுதான், காசு கிடையாது. ஆனால் வெள்ளி நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்துச் சோதனைச்சாவடியில், டவர் கிடைக்காத போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதை எடுக்க முயல்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே எடுத்து, ஸ்கிரீன்ஷாட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை உண்டு. நம் வீட்டுப் பரணில் சும்மா கிடக்கும் எவர்சில்வர் கூஜாவுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பக்கம் பல வீடுகளில் ஒரு கார் வருஷத்தில் பத்து மாதம் கொட்டகையில் உறை போட்டு நிற்கும். கிலோமீட்டர் இருபதாயிரம்கூடத் தாண்டியிருக்காது, "புது வண்டி மாதிரி" என்பார்கள். டயருக்கு அது தெரியாது, ஓடினாலும் நின்றாலும் ரப்பருக்கு வயசாகும். டயர் பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், குனிந்து பாருங்கள். 2317 என்றிருந்தால் 2017-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். பட்டன் தேயாமல் ஆழமாக இருந்தாலும் அந்த டயரில் மலை ஏறாதீர்கள். பிரேக் பேட், பிரேக் ஆயில், கூலன்ட், வைப்பர் இந்த நான்கையும் மெக்கானிக் பார்த்துவிடட்டும். மேலே சட்டென்று மூடுபனி இறங்கினால் வைப்பர் இல்லாமல் ஒன்றும் ஆகாது.

வாடகைக்கு எடுப்பதானால் மஞ்சள் போர்டு வண்டியாக எடுங்கள். தெரிந்தவரின் சொந்த உபயோக வண்டியைக் "கொஞ்சம் குறைச்சலா" பேசி எடுத்துப் போவது நம் ஊரில் சகஜம். வெள்ளை போர்டை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தப்பு. விபத்து என்று ஒன்று நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்கிற கேள்வியும் அதுதான். டிரைவர் பேட்டா, மலைக்குத் தனிக் கட்டணம், ஒரு நாளுக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் மூன்றையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பல இடங்களில் ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் போனால் அடுத்த நாள் கணக்கு.

மேலே போனபிறகு நடக்கிற தப்பு ஒன்றுதான்: பேராசை. பூம்பாறை, மன்னவனூர், பேரிஜம் எல்லாம் பட்டியலில் இருக்கும். மன்னவனூர் கொடைக்கானலிலிருந்து இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல். பேரிஜத்துக்கு வனத்துறை அனுமதி வேண்டும். இரண்டும் ராத்திரி தங்குகிறவர்களுக்கு. ஒரு நாள் ஆட்களுக்கு என் யோசனை, ஏரிக்குப் போகாமல் நேரே தூண் பாறைக்குப் போங்கள். மதியம் ஆக ஆக மூடுபனி ஏறி வந்து பாறையையே விழுங்கிவிடும். அப்புறம் எட்டிப் பார்த்தால் வெள்ளையாக ஒரு சுவர்தான் தெரியும். திரும்பும் வழியில் பைன் காடு, அதற்கப்புறம் 1872-இல் போட்ட கோக்கர்ஸ் வாக்கில் ஒரு நடை. ஏரி எப்படியும் ஓடிப்போகாது. 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் கட்டிவைத்தது, கடைசியில் போனாலும் அங்கேயே இருக்கும். படகுக்கு வரிசை நீளமாக இருந்தால் விட்டுவிட்டுக் கரையோரம் நடங்கள். ஒரு மணி நேரம் மிச்சம்.

ஊர் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதை காரைக்குடி வெயிலில் நின்றுகொண்டு நம்ப முடியாது. அப்பத்தாவுக்கு ஒரு சால்வை, குழந்தைகளுக்கு ஸ்வெட்டர், இரண்டையும் டிக்கியில் அடியில் வைக்காமல் கைக்கெட்டுகிற இடத்தில் வையுங்கள்.

இறக்கம்தான் நிஜமான சோதனை. நம் ஊர்ச் சாலைகளில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். அந்தப் பழக்கத்தில் என் மச்சான் ஒரு தடவை நாலாவது கியரில் பிரேக்கை மிதித்து மிதித்தே இறங்கினான். டம்டம் பாறைக்குக் கொஞ்சம் முன்னால் காருக்குள் கருகல் வாடை. நிறுத்திப் பார்த்தால் முன் சக்கரத்திலிருந்து லேசாகப் புகை. தண்ணீர் ஊற்றலாமென்று கூஜாவைத் திறந்தபோது, பக்கத்தில் லாரியை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் சத்தம் போட்டார்.

"ஊத்தாதீங்க தம்பி, டிஸ்க் கோணிக்கும். ஏறையில எந்த கியர்ல ஏறுனீங்க?"

"ரெண்டு, மூணுல அண்ணே."

"அப்ப எறங்கையிலயும் அதேதான். பிரேக்கு நிறுத்தத்தான் தம்பி, எறங்க இல்ல."

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எதிரே தலையாறு அருவி எலிவால் மாதிரி மெலிசாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைய பயணத்தில் அவசரமில்லாமல் பார்த்த ஒரே காட்சி அதுதான். ஆட்டோமேடிக் வண்டி வைத்திருப்பவர்கள் எல் அல்லது மேனுவல் மோடை எப்படிப் போடுவது என்று வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறங்குவதைப் போல ஆபத்து வேறில்லை. ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். கொண்டை ஊசி வளைவில் பேருந்து வந்தால் அதற்கு முழுச் சாலையும் தேவைப்படும், வளைவுக்கு முன்பே ஒதுங்கி நின்றுவிடுங்கள்.

ஓட்டுகிறவருக்குத் தூக்கம் வருவது மலையில் அல்ல, மலை முடிந்து திண்டுக்கல் தாண்டியபிறகு. வளைவில்லாத சாலை, இருட்டு, பின்சீட்டில் எல்லோரும் குறட்டை. நத்தத்தில் கட்டாயம் வண்டியை நிறுத்தி டீ குடிக்கச் சொல்லுங்கள். இரண்டு பேர் மாற்றி ஓட்ட முடிந்தால் நல்லது, இல்லையென்றால் ஆக்டிங் டிரைவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

வாங்கி வருவது பற்றி ஒன்றே ஒன்று. ஏரிக்கரையில் ஆசையாக ஒரு கிலோ ஹோம்மேட் சாக்லேட் வாங்கி, டாஷ்போர்டு மேலே வைத்துக்கொண்டு வந்தோம். நத்தத்தில் டீக்கு நிறுத்தியபோது என் மகள் டப்பாவைத் திறந்தாள். பாதாம், முந்திரி, திராட்சை எல்லாம் ஒரே கூழாகிக் கிடந்தது. வீட்டுக்கு வந்து ஸ்பூனால் வழித்துச் சாப்பிட்டோம். இப்போதெல்லாம் மலைப்பூண்டுதான் வாங்குகிறேன்.