ஸ்பிலிட் வராதவங்களும் தலை உயரத்துக்குக் கிக் போடலாம்: செய்முறை

எந்த மைதானத்துக் காலை கிளாஸையும் எட்டிப் பாருங்க. பிள்ளைங்க வந்ததும் வராததுமா ரெண்டு காலையும் நேரா நீட்டி விரிச்சு (அதான் ஸ்பிலிட்) உட்காரும், மாஸ்டர் ஒவ்வொரு முதுகா அமுக்கிக்கிட்டே வருவார். பக்கத்துலயே சிலம்பம் பழகுறவங்க கம்பைத் தொடுறதுக்கு முன்னாடி சுவடு (காலடி வரிசைப் பயிற்சி) போட்டு வேர்த்து நிப்பாங்க. சிலம்பத்துக்காரங்க வரிசைதான் சரி. ஒரு தசையை ஒரு நிமிஷத்துக்கு மேல இழுத்துப் பிடிச்சிட்டு உடனே உதைச்சா வேகமும் பலமும் கொஞ்ச நேரத்துக்குக் குறையும். இழுத்துப் பிடிக்கிறது எல்லாம் கிளாஸ் முடிஞ்ச பிறகு.

கராத்தே, டேக்வாண்டோ எதுவா இருந்தாலும் இந்த முறை ஒத்துவரும். கிக் பேரெல்லாம் உங்களுக்குத் தெரியும்னு வச்சுக்கிறேன்.

1. உடம்பைச் சூடாக்குறது

ஸ்கிப்பிங் அஞ்சு நிமிஷம், இல்லன்னா மெதுவா ஒரு ஓட்டம். அப்புறம் உட்கார்ந்து எழுந்திரிக்கிறது ஒரு பதினைஞ்சு. மதுரைக்காரங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: சித்திரை வெயில்ல மாடிப்படி ஏறினாலே சட்டை நனைஞ்சிடும். "அதான் வேர்த்திருச்சே, போதும்"னு நேரா உதைக்கப் போகாதீங்க. வெயில்ல வர்றது தோலோட வேர்வை. தசை சூடாகணும்னா அது வேலை செஞ்சாத்தான் ஆகும்.

2. கால் வீச்சு

சுவரை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு காலை முன்னும் பின்னும் வீசுங்க, அப்புறம் பக்கவாட்டுல. முதல் சுத்து முட்டி உயரம், அடுத்தது இடுப்பு, அடுத்தது நெஞ்சு. ஒவ்வொண்ணும் பத்து, பன்னிரண்டு வீச்சு போதும். உச்சியில போய் உதறித் தள்ளக்கூடாது, கால் தானா போற இடம் வரைக்கும்தான். தெப்பக்குளத்துப் பக்கம் வாக்கிங் போறவங்க, குளத்துச் சுவரைப் பிடிச்சே இதை முடிச்சிடலாம்.

3. இடுப்பைத் திருப்புறது (இங்கதான் எல்லாரும் மாட்டுறோம்)

ரொம்ப நாள் எனக்குப் பிடிபடாத இடம் இதுதான். தொடை இறுக்கம்தான் காரணம்னு நினைச்சு இழுத்துக்கிட்டே இருந்தேன். கால் நெஞ்சு உயரத்தைத் தாண்டவே இல்லை. தடுத்தது தசை இல்லை, எலும்பு.

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்கிட்ட போய் நில்லுங்க. சுவர் உங்களுக்குப் பக்கவாட்டுல இருக்கணும். சுவர்ப் பக்கமா இருக்கிற காலைத் தூக்கி சுவர் மேல வைங்க. நிக்கிற கால் பாதம் நேரா முன்னாடி பார்க்கட்டும், உடம்பு நிமிர்ந்து இருக்கட்டும். இப்ப சுவர் மேல இருக்கிற காலை இன்னும் மேல கொண்டுபோகப் பாருங்க. இடுப்போட வெளிப்பக்கம், பேன்ட் பாக்கெட் இருக்கிற இடத்துல, 'டக்'குனு இடிச்சு நிக்கும். இழுக்குற உணர்ச்சியே இருக்காது. தொடை எலும்போட கழுத்து, இடுப்புக் கிண்ணத்து விளிம்புல போய் முட்டுது. இதை எத்தனை வருஷம் இழுத்தாலும் நகராது.

இப்ப மூணு வேலை செய்யுங்க. நிக்கிற கால் குதிகாலைச் சுவர்ப் பக்கமா திருப்புங்க. பின்புறத்தை லேசா வெளிய தள்ளி இடுப்பை முன்னாடி சாய்ங்க. மேல் உடம்பைச் சுவருக்கு எதிர்ப்பக்கமா கொஞ்சம் சாய்ங்க. இடிச்சு நின்ன எலும்பு வழிவிட்டு, கால் சுவரை விட்டு மேல எழும்பும். முதல் தடவை இது நடந்தப்ப, நடந்தது நிஜம்தானான்னு இன்னொரு தடவை செஞ்சு பார்த்தேன்.

ரவுண்ட் கிக்கா (பக்கவாட்டுல வளைச்சு உதைக்கிறது) இருந்தா நிக்கிற கால் பாதம் குறைஞ்சது 90 டிகிரி திரும்பணும். தலைக்குப் போகணும்னா குதிகால் கிட்டத்தட்ட எதிராளியையே பார்க்கணும். அதோட முட்டியை முதல்ல மேல கொண்டுவாங்க. முட்டி இடுப்புலயே நின்னுட்டா பாதம் மட்டும் தனியா தலைக்குப் போகாது.

வீடியோ எடுங்க. ஆனா முன்னாடி இருந்து எடுக்காதீங்க, கிக்கோட உயரம் மட்டும்தான் தெரியும். போனைப் பின்பக்கம் தரையோட தரையா, ஒரு செங்கல்ல சாய்ச்சு வைங்க. குதிகால் திரும்புதா இல்லையான்னு அங்கதான் தெரியும்.

(இவ்வளவு பாடு எதுக்குன்னு கேட்டா: டேக்வாண்டோ போட்டியில உடம்புல படுற சாதா கிக்குக்கு 2 புள்ளி, தலைக்கு 3, சுழன்று தலைக்குப் போட்டா 5. கராத்தேயிலயும் தலைக் கிக்குக்கு 3. தெருச் சண்டைக்குக் கேட்டா, தலை உயரக் கிக்கை மறந்திடுங்கன்னுதான் சொல்வேன்.)

4. காலைத் தானாத் தூக்குற பலம்

கையால பிடிச்சுத் தூக்கினா கால் காதுக்கு வருது, விட்டா இடுப்புக்கு இறங்கிடுது. அப்படின்னா உங்களுக்குக் குறையுறது வளைவு இல்லை, பலம். சுவரைப் பிடிச்சு முட்டியைப் பக்கவாட்டுல மடக்கித் தூக்குங்க, மெதுவா நீட்டுங்க, அஞ்சு எண்ற வரைக்கும் நிறுத்துங்க, அதே வழியில மடக்கி இறக்குங்க. ஒரு காலுக்கு அஞ்சு தடவை. இடுப்போட வெளிப்பக்கம் பிடிச்சு இழுத்தா சரியாச் செய்றீங்கன்னு அர்த்தம். கணுக்கால்ல எடை கட்டிக்கிட்டு வேகமா உதைக்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. அந்த உதறல் முழுக்க முட்டியில போய் விழும்.

5. முடிஞ்ச பிறகு இழுக்குறது

பட்டாம்பூச்சி (உட்கார்ந்து ரெண்டு உள்ளங்காலையும் சேர்த்து முட்டியை விரிக்கிறது), தவளை (கையும் முட்டியும் ஊன்றி முட்டிகளை அகட்டுறது), ஒரு முட்டியைத் தரையில ஊன்றி முன் இடுப்பை இழுக்குறது. ஒவ்வொண்ணும் அரை நிமிஷம், ரெண்டு தடவை.

பின் தொடைக்கு: மல்லாக்கப் படுத்து, பாதத்துல துண்டை மாட்டி, முட்டி நீட்டின காலைத் தூக்குங்க. இழுக்க ஆரம்பிச்ச இடத்துல, துண்டை எதிர்த்துக் காலைக் கீழ அமுக்குங்க, ஆறேழு நொடி. தளர்த்துங்க. இப்ப துண்டை இழுத்தா கால் இன்னும் கொஞ்சம் வரும். மூணு சுத்து. 1940-களில் ஹெர்மன் காபட்ங்கிற அமெரிக்க மருத்துவர், வாதத்துல தசை முடங்கினவங்களுக்காக வகுத்த சிகிச்சையில இருந்து வந்த முறை இது.

இதுக்கு ஈரிழைத் துண்டுதான் என் தேர்வு. ரப்பர் பேண்ட் வேண்டாம்; நீங்க அமுக்கும்போது அதுவே நீண்டு கொடுத்திடும், எதிர்க்க எதுவும் இருக்காது. ஆயிரக்கணக்குல விலை சொல்ற ஸ்பிலிட் மெஷினும் வேண்டாம்.

முட்டிக்குப் பின்னாடி இருந்து கெண்டைக்கால் வரைக்கும் சுரீர்னு ஓடினா, இல்ல மரத்துப்போனா, அது தசை இழுக்குறது இல்லை, நரம்பு. முட்டியை லேசா மடக்கிக்கங்க, பாதத்தைத் தளர்த்துங்க.

பின்சேர்க்கை 1: மாடியில செஞ்சு பார்த்துட்டு முட்டி உள்பக்கம் வலிக்குதுன்னு ரெண்டு பேர் சொன்னாங்க. ஒருத்தர் ஸ்போர்ட்ஸ் ஷூ, இன்னொருத்தர் சொரசொரப்பான காங்கிரீட்டுல வெறுங்கால். ரெண்டுலயும் பாதம் தரையைக் கவ்விக்கும், இடுப்பு மட்டும் திரும்பும், முறுக்கு முழுக்க முட்டிக்குப் போகும். குதிகாலை ஒரு விரக்கடை தூக்கி, முன்பாதத்துல திரும்புங்க. வீட்டுக்குள்ள மொசைக் தரைன்னா நல்லாவே சுத்தும். ஆனா கோரைப்பாய் விரிச்சுட்டு அது மேல நின்னு உதைக்காதீங்க, பாயோட சேர்ந்து நீங்களும் போயிடுவீங்க.

பின்சேர்க்கை 2: ஒன்பதாவது படிக்கிற பையனை, தொடை மேல ஆளை ஏத்தி அமுக்குறாங்க, விடலாமான்னு ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. விடாதீங்கக்கா. அந்த வயசுல பின் தொடைத் தசை இடுப்பெலும்போட ஒட்டுற இடம் இன்னும் முழுசா இறுகியிருக்காது. திடீர் இழுப்புல தசை கிழியுறதுக்குப் பதிலா எலும்புத் துண்டே பெயர்ந்து வரலாம். உட்காருற எலும்புகிட்ட 'பட்'னு சத்தம் கேட்டு, பையன் நொண்டினா, எண்ணெய் தேய்ச்சு நீவி விடாம எலும்பு டாக்டர்கிட்ட காட்டி எக்ஸ்ரே எடுத்திடுங்க.