பேக்கரியில் நல்ல எஸ்பிரெசோ போடுவது எப்படி? முதலில் தராசை எடுங்கள்

எஸ்பிரெசோ என்றதும் நம் ஊரில் பலருக்கு நினைவு வருவது கல்யாண மண்டப காபிதான். உஸ்ஸென்று இரையும் மெஷினில் இன்ஸ்டன்ட் தூள் கலந்த பாலை நுரை பொங்கக் காய்ச்சி, மேலே சாக்லேட் பொடி தூவித் தருவார்கள். எனக்கு அது இன்றும் பிடிக்கும். இங்கே சொல்லப்போவது வேறு காபி. நைஸாக அரைத்து அமுக்கிய தூளின் வழியே, சுமார் 9 பார் அழுத்தத்தில், வெந்நீர் அரை நிமிடத்துக்குள் இறங்கித் தரும் கெட்டி டிகாக்‌ஷன்.

உடுமலைப்பேட்டையில் பேக்கரி வைத்திருக்கிறேன். பன், பப்ஸ், ஹனி கேக்கோடு காபி மெஷினும் வந்தபோது, முதல் சில மாதங்கள் காலையில் ஒரு ருசி, மாலையில் ஒரு ருசி. மைதா, ஈஸ்ட், உப்பு எல்லாவற்றையும் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுகிற நான், காபித் தூளை மட்டும் கண்ணளவில் போட்டுக்கொண்டிருந்தேன். தப்பு அங்கேதான் இருந்தது.

1. கொட்டை

ஃபில்டர் காபிக்கு அரைத்து விற்கும் தூள் வேண்டாம். எஸ்பிரெசோவில் நாம் தினமும் மாற்ற வேண்டியதே தூளின் பருமனைத்தான். அரைத்து வாங்கியதை என்ன செய்ய முடியும்? சிக்கரி கலக்காத கொட்டையாக வாங்குங்கள். ஏற்காடு, பழனி மலை, குடகு, சிக்மகளூர் எல்லாம் நமக்குப் பக்கம்தான். எங்கள் கடையில் பால் சேர்த்துக் கேட்பவர்களே அதிகம் என்பதால் அராபிகா, ரோபஸ்டா என்ற இரண்டு வகைக் கொட்டையையும் 80க்கு 20 சதவீதம் என்று கலக்கிறேன். ரோபஸ்டா கொஞ்சம் இருந்தால் பாலிலும் காபி அமுங்கிப் போகாது, மேலே நுரையும் கனமாக நிற்கும். பாக்கெட்டில் வறுத்த தேதியைப் பாருங்கள். வறுத்து ஒரு வாரம் கழித்துத் தொடங்கி, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

2. தண்ணீர்

போர் தண்ணீரை நேராக மெஷினுக்கு விடாதீர்கள், பாய்லரில் உப்பு படியும். ஆர்.ஓ. தண்ணீர் நல்லதுதான், ஆனால் டிடிஎஸ்ஸை (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) அடிமட்டத்துக்கு இறக்கினால் காபி சப்பென்று இருக்கும். 100 முதல் 150க்குள் வையுங்கள்.

3. நிறுப்பது

மாவு நிறுக்கும் தராசு இதற்குப் போதாது, 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு வேண்டும். தொடக்கக் கணக்கு இது: 18 கிராம் தூள், கோப்பையில் 36 கிராம் காபி, 25 முதல் 30 விநாடி. பட்டனை அமுக்கிய நொடியிலிருந்து நேரத்தை எண்ணுங்கள்.

4. சமன் செய்து அமுக்குவது

தூளைக் கட்டியில்லாமல் பரப்பி, தட்டிச் சமன் செய்து, டேம்பரை (தூளை அமுக்கும் கட்டை) நேராக வைத்து அமுக்குங்கள். பலம் முக்கியமில்லை, சாயாமல் இருப்பதுதான் முக்கியம். வரப்பில் ஒரு நண்டு வளை இருந்தால் வயல் தண்ணீர் மொத்தமும் அதன் வழியே ஓடிவிடும் இல்லையா? தூளில் ஒரு பக்கம் இளகி இருந்தாலும் அப்படித்தான்.

5. பார்ப்பது, ருசிப்பது

பட்டனை அமுக்கியதும் ஐந்தாறு விநாடி ஒன்றும் வராது. அப்புறம் கறுப்பாக ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. பிறகு அவை சேர்ந்து விளக்கெண்ணெய் ஒழுகுவது போல மெல்லிய இழையாக இறங்கும். அடர்ந்த பழுப்பு மெல்லமெல்ல வெல்லப்பாகு நிறத்துக்கு வரும், கடைசியில் வெளுக்கும். தராசு 36ஐத் தொடும் முன்பே நிறுத்திவிடுங்கள், குழாயில் நிற்பது எப்படியும் விழும்.

இப்போது சர்க்கரை போடாமல் ஒரு வாய். பச்சை மாங்காயைக் கடித்தது போல நாக்கின் ஓரம் கூசுகிறதா? 15 விநாடியில் ஓடி வந்திருக்கும். தூளை இன்னும் நைஸாக அரையுங்கள். வேப்பங்கொழுந்து போலக் கசந்து வாய் வறள்கிறதா? 40 விநாடி இழுத்திருக்கும். கொஞ்சம் பருமனாக அரையுங்கள். எடையைத் தொடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது எதைச் செய்தது என்று தெரியும். அரவையை மாற்றிய பிறகு முதலில் விழும் தூளைக் கொட்டிவிடுங்கள், அதில் பழைய அரவை கலந்திருக்கும்.

பேக்கரிக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. காபி அரைக்கும் மெஷினை பன், பப்ஸ் சுடும் ஓவன் பக்கத்தில் வைக்காதீர்கள். நான் வைத்திருந்தேன். காலையில் 27 விநாடி வந்த ஷாட் (ஒரு தடவை இறக்கும் எஸ்பிரெசோ), பப்ஸ் தட்டு வெளியே வரும் நாலு மணிக்கு 19க்கு இறங்கிவிடும். இடம் மாற்றிய பிறகு பெரும்பாலும் சரியானது. மழை நாளில் இன்றும் நேரம் மாறும். அதனால் கடை திறந்ததும் ஒரு தடவை, மாலைக் கூட்டத்துக்கு முன் ஒரு தடவை நிறுத்துப் பார்க்கிறேன்.

6. பாலும் துடைப்பதும்

பால் 60, 65 டிகிரி போதும். ஜக்கைத் தொட்ட கை தானாக விலகும்போது நிறுத்துங்கள். நீராவிக் குழாயை உடனே ஈரத்துணியால் துடைத்து, ஒரு தடவை ஆவி விடுங்கள். இரவில் மெஷின் கழுவும் பொடி போட்டுக் கழுவாமல் கடையைச் சாத்தாதீர்கள்.

பழகும் நாட்களில் ஷாட்கள் வீணாகும். கீழே ஊற்ற வேண்டாம். ஒரு பாட்டிலில் சேர்த்து ஃப்ரிட்ஜில் வைத்து, அடுத்த நாள் சாக்லேட் கேக் மாவில் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றுங்கள். கோகோவின் வாசம் தூக்கலாக வரும். எங்கள் கடையில் இப்போது அந்தக் கேக்குக்காகவே சனிக்கிழமை தனியாக நாலு ஷாட் போடுகிறோம்.