பத்து வயதில் "பேக்", பதினைந்திலும் "பேக்": சிறுவர் காற்பந்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோட்டத் திடலில் அணி பிரிக்க ஐந்து நிமிடம் போதும். உயரமான பையன் பின்னால் (அதுதான் "பேக்", தற்காப்பு), குண்டுப் பையன் கோலுக்கு, வேகமாக ஓடுபவன் முன்னால். கோச்சின் மகன் பெரும்பாலும் நடுவில்! மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான ஊர்களில் தமிழ்ப்பள்ளி அணியானாலும் தோட்ட அணியானாலும் இதே கதைதான். அந்த ஐந்து நிமிட முடிவு ஐந்து வருடத்துக்கு மாறாமல் நிற்பதில்தான் சிக்கல்.

உடம்பைப் பார்த்து இடம் கொடுப்பது முதல் தவறு. நம் பள்ளிப் போட்டிகளில் வயதுப் பிரிவு பிறந்த ஆண்டைப் பொறுத்தது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுவார்கள். இடையில் ஏறக்குறைய ஒரு வருட வளர்ச்சி. பையன்கள் சடசடவென்று வளர்வது சராசரியாக 13, 14 வயதில். பெண் பிள்ளைகள் அதற்கு இரண்டு வருடம் முன்பே வளர்ந்துவிடுவார்கள். பதினொரு வயதில் எல்லோரையும்விட ஒரு தலை உயரமாக இருந்தவன், படிவம் மூன்றில், அதாவது பதினைந்து வயதில், மற்றவர்களோடு சமமாகிவிடுவான். அதுவரை அவன் பழகியது தலையால் முட்டுவதும் பந்தைத் தூர உதைத்துத் தள்ளுவதும் மட்டும் என்றால், அதற்குமேல் அவனிடம் எதுவும் இருக்காது.

ஒவ்வொரு இடமும் சொல்லிக்கொடுக்கும் பாடம் வேறு என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. மத்தியத் தற்காப்பில் நிற்பவனுக்கு ஆட்டம் முழுவதும் கண்முன்னே தெரியும். நடுத்திடலில் நான்கு பக்கமும் ஆள். பந்து வந்து சேர்வதற்குள் இரண்டு முறையாவது தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். முன்னால் நிற்பவன், முதுகில் ஒருவன் முட்டிக்கொண்டு நிற்க, கோலுக்கு முதுகைக் காட்டியபடி பந்தை வாங்குகிறான். ஓரத்தில் ஆடுபவனுக்குக் கோட்டுப் பக்கம் போக வழியில்லை. உள்ளே வெட்டவும் தெரிய வேண்டும்.

ஒன்பது வயதிலிருந்து பின்னாலேயே நின்ற பையனைப் பதினான்கில் நடுவில் விட்டுப் பாருங்கள். இரண்டு கால் விரல்களும் சொந்தக் கோலைப் பார்த்தபடி நிற்பான். பந்தைக் காலடியில் நிறுத்துவான், பிறகுதான் திரும்புவான். அதற்குள் எதிரணி பந்தைத் தட்டிக்கொண்டு போயிருக்கும். திறமைக் குறைவு என்று கோச் சொல்வார். உண்மையில், உடம்பைச் சாய்த்து, திடலின் இரு பக்கமும் தெரியும்படி நின்று பந்தை வாங்க வேண்டிய அவசியம் அவனுக்கு அதுவரை வந்ததே இல்லை.

இதைச் சரிசெய்ய எளிய பயிற்சி உண்டு. பத்துக்குப் பத்து மீட்டர் சதுரம், ஒவ்வொரு பக்கத்திலும் ஒருவர், நடுவில் ஒருவர். பந்து கிளம்பும்போது நடுவில் நிற்பவனின் பின்னால் கோச் விரல்களைக் காட்டுவார். பந்து காலுக்கு வருமுன் அவன் எண்ணைச் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும். ஆளுக்கு ஒரு நிமிடம், மூன்று சுற்று. அணியில் எல்லோருக்கும், கோல்கீப்பருக்கும் சேர்த்து.

ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் போட்டிகள் இன்னொரு பொறி. பல போட்டிகளில் ஆஃப்சைட் (பந்து தட்டப்படும்போதே எதிரணித் தற்காப்பைத் தாண்டி நிற்பது தவறு என்ற விதி) கிடையாது, திடலும் சின்னது. வேகமானவனை முன்னால் நிறுத்திப் பந்தைத் தூக்கி அடித்தால் கோப்பை வந்துவிடும். அதே பையன் இடைநிலைப்பள்ளியில் பதினொரு பேர் ஆட்டத்துக்குப் போனதும் ஆஃப்சைட் கொடி அவனுக்காகவே ஏறி ஏறி இறங்கும். எப்போது ஓடுவது, எப்போது நிற்பது என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தந்ததில்லை.

சரி, மாற்றி மாற்றி ஆடவிடலாம் என்று கிளம்புபவர்கள் செய்யும் தவறும் உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஆளைக் கலைத்தால் பிள்ளை எதையும் கற்காது, குழம்பித்தான் போகும். ஒரு பகுதியில் மூன்று, நான்கு வாரம் விடுங்கள். பிறகு பக்கத்துப் பகுதிக்கு நகர்த்துங்கள்: மத்தியத் தற்காப்பிலிருந்து ஓரத் தற்காப்புக்கு, அங்கிருந்து விங்குக்கு, அதாவது முன்பக்க ஓரத்துக்கு. யார் எங்கே எத்தனை நிமிடம் ஆடினார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஞாபகத்தை நம்பினால் அமைதியான பிள்ளைதான் பின்னாலேயே மாட்டிக்கொள்ளும். பரிசோதனையைப் பயிற்சியிலும் நட்புமுறை ஆட்டத்திலும் செய்யலாம். இறுதியாட்டத்தில் வேண்டாம், பிள்ளைகளுக்கும் வெல்ல ஆசை இருக்கும்.

கோல்கீப்பர் விஷயம் தனி. பன்னிரண்டு வயது வரை ஒரே பிள்ளையை அங்கே பூட்டிவைக்கக் கூடாது. பாதி ஆட்டம் கோலில், பாதி திடலில் என்பது நல்ல கணக்கு. சக ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் தள்ளிவிடும் பந்தைக் கோல்கீப்பர் கையால் தொடக்கூடாது என்ற விதி 1992இல் வந்தது. அன்றிலிருந்து இரண்டு காலாலும் ஆடத் தெரியாத கோல்கீப்பர் அணிக்குச் சுமைதான். பெரியவர்களின் கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். பத்து வயதுப் பிள்ளைக்கு எட்டாத பந்தெல்லாம் உள்ளே போகும், பழி அதன் தலையில். தோட்டத் திடலில் பெரிய கோல்தான் இருக்கிறது என்றால், உள்ளே சுமார் 3.66 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்புகளை நட்டு, 1.83 மீட்டர் உயரத்தில் கயிறு கட்டுங்கள்.

பெரிய ஆட்டக்காரர்களே இடம் மாறியிருக்கிறார்கள். நம் மலேசிய ஆட்டக்காரர் எஸ். குணாளன் விங்கில் ஓடி, பிறகு வலதுபுறத் தற்காப்புக்கு வந்தவர். வேல்ஸின் கேரத் பேல் இடதுபுறத் தற்காப்பிலிருந்து முன்வரிசைக்கு நகர்ந்தார். ஜெர்மனியின் பிலிப் லாம் தற்காப்பில் இரண்டு ஓரங்களிலும் ஆடிவிட்டு, பிறகு நடுத்திடலையும் பார்த்தார்.

அதற்காகப் பதினாறு வயது வரை எங்கேயும் நிலைகொள்ளாமல் சுற்றுவதும் சரியில்லை. 13, 14இல் ஒரு முதன்மை இடமும் ஒரு துணை இடமும் தெளிவாகட்டும். மாநில அணித் தேர்வுக்குப் போகும்போது இரண்டையும் சொல்லத் தெரிந்தால் நல்லது. சடசடவென்று வளரும் மாதங்களில் முழங்காலுக்குக் கீழேயோ குதிகாலிலோ வலி என்று பிள்ளை சொன்னால், இடத்தை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். ஓட்டத்தையும் உதைப்பதையும் குறைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.

வேலியோரம் நிற்கும் பெற்றோருக்கு ஒன்று. "டேய், மேல போகாதடா, பின்னாலயே நில்லு!" என்று கத்துவதை விடுங்கள். ஆட்டம் முடிந்து கோச் கூம்புகளைப் பொறுக்கும் நேரத்தில் போய், "அண்ணே, அடுத்த மூணு வாரம் தம்பிய நடுவுல விட்டுப் பாக்கலாமா?" என்று கேளுங்கள். முடியாது என்றால் காரணத்தையும் கேளுங்கள். "அவன் உயரம்" என்பது மட்டுமே பதிலாக வந்தால், மூன்று வாரம் கழித்து மறுபடி கேட்கலாம்.