புரட்சிக்குப் பிந்தைய நகரில் ஒரு விசித்திர அருங்காட்சியகம்: மிகுபுனைவு நாவல் எழுதும் முறை

புரட்சி முடிந்த ஒரு நகரத்தின் விசித்திர அருங்காட்சியகத்தைக் களமாகக் கொண்டு மிகுபுனைவு நாவல் எழுத விரும்புவோர், மாயத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னரே அந்த அருங்காட்சியகத்தின் பொருட்பதிவேட்டை எழுதி முடித்துவிட வேண்டும். இருபது பொருட்கள் போதும். ஒவ்வொன்றும் யாரிடம் இருந்தது, யார் பறிமுதல் செய்தார், விளக்க அட்டையில் எந்தச் சொல் அடித்து நீக்கப்பட்டது என்று குறித்துவைத்தால், பல பக்கங்களில் விளக்க நேரும் ஆட்சி மாற்றம் தானாகவே வெளிப்பட்டுவிடும்.

இதற்கு வரலாறே சிறந்த ஊற்று. பிரெஞ்சுப் புரட்சியின்போது, பாரிசில் மன்னராட்சி வீழ்ந்த ஓராண்டு நிறைவு நாளான 1793 ஆகஸ்ட் 10 அன்று லூவர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அக்காலத்தில் அலெக்சாந்தர் லெனுவார், தேவாலயங்களிலிருந்து அகற்றப்பட்ட கல்லறைச் சிற்பங்களை ஒரு துறவுமடத்தில் சேர்த்துக் காத்து, 1795 இல் மக்கள் பார்வைக்கு வைத்தார். வெவ்வேறு இடங்களில் கிடைத்த துண்டுகளை இணைத்து அபெலார், எலொயீஸ் என்ற இடைக்காலக் காதலருக்கு ஒரு கல்லறையையே எழுப்பினார். மன்னராட்சி திரும்பியபின், 1816 இல், அந்த அருங்காட்சியகம் மூடப்பட்டது. 1917 ரஷ்யப் புரட்சியின்போது பெத்ரோகிராதின் (இன்றைய சென்ட் பீட்டர்ஸ்பர்க்) குளிர்கால அரண்மனையில், தற்காலிக அரசின் அமைச்சர்கள் கைதான அறையின் கடிகாரம் 2.10 மணியில் நிறுத்தப்பட்டு, 2017 வரை அப்படியே இருந்தது.

இவற்றுள் லெனுவாரின் ஒட்டுக் கல்லறையே எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு துண்டும் இரவில் தனக்குரிய இறந்தவரைத் தேடத் தொடங்கினால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவைக்காத மாயம், பொருளின் பிறப்பிலிருந்தே முளைப்பது தெரியும். அத்தகைய மாயத்துக்கு ஒரே ஒரு விதி இருக்கட்டும். விளக்க அட்டையைத் திருத்தினால் பொருளும் மாறும் என்பது உங்கள் விதியானால், அட்டையை யார் எழுதலாம், எழுதியவர் எதை இழப்பார், எந்தப் பொருள் மட்டும் மாற மறுக்கும் என்பவற்றை முதல் அத்தியாயத்துக்கு முன்பே தீர்மானித்துவிடுங்கள். கதை சிக்கிக்கொள்ளும்போது அதை மீட்பதற்காக இரண்டாவது விதியைப் புகுத்தினால் வாசகரின் நம்பிக்கை போய்விடும்.

நகரத்தை உள்ளிருந்தே காட்டுங்கள். பழைய ஆட்சியிலும் புதிய ஆட்சியிலும் அதே சாவிக்கொத்தை வைத்திருக்கும் காவலாளி, தளபதியைவிட நல்ல கதைமாந்தர். பெயர் மாறிய தெருக்களும் ஊரடங்கும் பார்வையாளர்களின் பேச்சு வழியாக அவரை வந்தடையட்டும். இறுதி அத்தியாயத்துக்கு வரும்போது பதிவேட்டை மீண்டும் எடுத்து, இருபது பொருட்களில் காணாமற்போனவற்றைக் குறித்துக்கொண்டு, அவற்றுள் ஒன்றின் வெற்றுக் கண்ணாடிப் பேழையிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.