காதுக்குள் கேட்ட நாடித் துடிப்பு: என் அனுபவம்

வலது காதுக்குள் உஸ்... உஸ்... என்று விட்டுவிட்டு ஒரு சத்தம், இரவில் படுத்தால் கூடும். பக்கத்து வளவில் மிளகாய்க்கு இறைக்கிற மோட்டர் என்று நினைத்தேன், மோட்டர் நின்ற பிறகும் கேட்டது. கிளிநொச்சியில் காதுக்குறும்பி எடுத்தார்கள், சொட்டு மருந்தும் விட்டேன், ஒரு மாற்றமும் இல்லை.

அப்புறம் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டே கேட்டபோதுதான் தெரிந்தது, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு உஸ். அதைவிட விசித்திரம், அதே பக்கத்துக் கழுத்தில், தாடைக்குக் கீழே விரலால் மெல்ல அமத்தினால் சத்தம் டக்கென்று நிற்கும், விட்டால் திரும்ப வரும். (இரண்டு பக்கமும் சேர்த்து அமத்தவே கூடாது.)

வவுனியாவில் காது மூக்கு தொண்டை டொக்டரிடம் இதை அப்படியே சொன்னேன். அவர் காதைப் பார்ப்பதற்கு முதல் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், வெளிறிப்போய் இருந்தது. இரத்தம் குறைந்தால் இதயம் கூடுதலாகத் தள்ளும், கழுத்து நாளத்தில் அந்த வேகமான ஓட்டம்தான் காதுக்குக் கேட்கிறது என்றார். பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.9, பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்கவேண்டும்.

இரும்புச்சத்துக் குளிசைதான் மருந்து. தேத்தண்ணியோடு எடுத்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, அதனால் தேசிக்காய்த் தண்ணியோடு எடுத்தேன். கிழமைகள் போகப் போகச் சத்தம் தேய்ந்து நின்றேவிட்டது, பெரிய நிம்மதி. இரத்தம் ஏறியும் நிற்காவிட்டால், அல்லது தலையிடி, கண் மங்கல் சேர்ந்து வந்தால், உடனே வரவேண்டும், ஸ்கான் எடுத்து இரத்தக் குழாய்களையும் தலைக்குள் அழுத்தத்தையும் பார்க்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.