அமால்ஃபி கரையில் மலிவு ஹாஸ்டல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வசந்தம் நெருங்கினால் ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் படிக்கிற நம் பிள்ளைகளிடமிருந்து எனக்குப் பயணத் திட்டங்கள் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, அமால்ஃபி போறோம், ஹாஸ்டல் போட்டாச்சு, ஒரு தடவை பாருங்க." ஹாஸ்டல் என்றால் இங்கே பயணிகள் அறையைப் பகிர்ந்துகொண்டு ஆளுக்கொரு படுக்கை எடுத்துத் தங்குகிற விடுதி. திட்டத்தைத் திறந்து பார்த்தால், தெற்கு இத்தாலியின் அந்தக் கடற்கரைக்குப் புதிதாகப் போனபோது நான் செய்த அதே குளறுபடிகள். பூட்டு கொண்டு போ, காதுக்குப் பஞ்சு கொண்டு போ என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பணத்தையும் நாளையும் தின்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

வரைபடத்தில் 5 கிலோமீட்டர்

இதைப் பற்றி மட்டும் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

முன்பதிவுத் தளத்தில், கடலோர ஊரான "பொசிட்டானோ" என்று தேடி, விலை குறைவானது முதலில் வரும்படி வரிசைப்படுத்துவார்கள். மேலே வந்து நிற்பது பெரும்பாலும் அஜெரோலாவில் ஒரு படுக்கை. விலை, கீழே கடலோரத்தில் கேட்பதில் பாதிகூட இருக்காது. பக்கத்திலேயே "பொசிட்டானோவிலிருந்து 5 கி.மீ." என்று போட்டிருக்கும். ஐந்து கிலோமீட்டர்தானே, நடந்தே போய்விடலாம் என்று பணத்தைக் கட்டிவிடுவார்கள்.

அந்த 5 கி.மீ. பறவைக்கு. அஜெரோலா கடல் மட்டத்துக்கு 600 மீட்டருக்கும் மேலே, லத்தாரி மலைகளின் முதுகில் இருக்கிற ஊர். பஸ்ஸில் பொசிட்டானோவுக்குப் போக வேண்டுமென்றால் மலைப்பாதையில் வளைந்து வளைந்து முதலில் அமால்ஃபிக்கு இறங்கி, அங்கே வேறு பஸ் பிடித்து, வந்த திசையிலேயே கடலோரமாகத் திரும்பிப் போக வேண்டும். சாலை வழியாக 20 கி.மீ.க்கு மேல். வேகமாகப் போகவும் முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து போட்ட குறுகலான சாலை அது. எதிரெதிரே இரண்டு பஸ் வந்தால் ஒன்று பின்னால் போய்த்தான் வழிவிட வேண்டும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கரையின் நடுவில் ரயில் கிடையாது. மேற்கே சொரெண்டோ வரை நேப்பிள்ஸிலிருந்து ரயில் வரும். கிழக்கே சலேர்னோவில் ரோமிலிருந்து வரும் அதிவேக ரயிலே நிற்கும். இரண்டுக்கும் இடையில் பொசிட்டானோ, ப்ரயானோ, அமால்ஃபி, அத்ரானி, மினோரி, மயோரி எல்லாவற்றுக்கும் அந்த ஒற்றைச் சாலையும், சுற்றுலாப் பருவத்தில் ஓடும் படகுகளும்தான்.

போன கோடையில் இரண்டு பையன்கள், பொறியியல் படிக்கிறவர்கள், நான் வேண்டாம் என்று சொல்லியும் அஜெரோலாவில் மூன்று இரவு போட்டார்கள். முதல் நாளே சாயங்காலம் வரை பொசிட்டானோ கடற்கரையில் இருந்துவிட்டு மேலே சாலைக்கு ஏறி வந்திருக்கிறார்கள். சொரெண்டோவிலிருந்து நிரம்பி வந்த பஸ் நிற்காமல் போயிற்று. அடுத்ததும் அப்படியே. ஒருவழியாக அமால்ஃபி வந்து சேர்ந்தபோது மலைக்குப் போகும் கடைசி பஸ் கிளம்பிவிட்டிருந்தது. டாக்ஸிக்குக் கொடுத்தது, ஒருவருடைய மூன்று இரவு படுக்கைக் கட்டணத்துக்கு மேல். மறுநாள் போனில், "அக்கா, அஞ்சு கிலோமீட்டர்னுதானே போட்டிருந்துச்சு" என்கிறான். எனக்கு அவன் மேல் கோபமில்லை. சம்பளமில்லாத மாணவன், விலையைத்தான் முதலில் பார்ப்பான். மலைக்கும் கடலுக்கும் இடையே நேர்கோடு போட்டு அதைத் தூரம் என்று காட்டுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இதைச் சொன்னதும் அஜெரோலா மோசமான ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். நடக்கப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. "தெய்வங்களின் பாதை" என்று பெயர் பெற்ற மலைவழி அதன் பொமெரானோ பகுதியிலிருந்துதான் தொடங்கி, பொசிட்டானோவுக்கு மேலே இருக்கிற நொச்செல்லே வரை போகிறது; காலை வெயில் ஏறுமுன் கிளம்பினால் கடலை இடப்பக்கமாகப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். நொச்செல்லேயிலிருந்து சாலைக்கு இறங்க சுமார் 1,700 படிகள். முழங்கால் தாங்காதவர்கள் அங்கிருந்தே ஊர் பஸ்ஸில் பொசிட்டானோ போய்விடுவது நல்லது. நடைக்காக என்றால் ஒன்றிரண்டு இரவு அங்கே தங்குங்கள். கடலோர ஊர்களைச் சுற்றிப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அங்கே தங்காதீர்கள்.

கடலோர ஊர்களைச் சுற்றுகிறவர்களுக்கு நான் சொல்வது சலேர்னோ. ஊர் பெரியது, படுக்கை மலிவு, ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே படகுத்துறை. அங்கிருந்து படகில் அமால்ஃபி 35 நிமிடம். சாலையில் வாந்தி வராமல், மலைச்சரிவில் அடுக்கிய எலுமிச்சைத் தோட்டங்களைக் கடலிலிருந்தே பார்த்துக்கொண்டு போகலாம். கரையிலேயே தூங்கி எழ ஆசையென்றால் அமால்ஃபிக்கு அடுத்த அத்ரானியில் தேடுங்கள். பரப்பளவில் இத்தாலியிலேயே மிகச் சிறிய நகராட்சி அது, மொத்தமே 0.12 சதுர கி.மீ. அமால்ஃபி பஸ் நிலையத்துக்கு நடந்தே பத்து நிமிடத்தில் வந்துவிடலாம். கூட்டமும் அமால்ஃபி அளவுக்கு இருக்காது.

எங்கே போட்டாலும் பணம் கட்டுமுன் பஸ் அட்டவணையைத் திறந்து, நீங்கள் தங்கப்போகும் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். வேலை நாளுக்கு ஒரு நேரம், ஞாயிறுக்கும் விடுமுறைக்கும் வேறு நேரம். சனிக்கிழமை வேலை நாள் கணக்கில்தான் வரும். ஆகஸ்ட் 15 தேசிய விடுமுறை, பஸ் குறைவு, கூட்டமோ உச்சம். கடைசி பஸ்ஸை நம்பி வராதீர்கள், அதற்கு முந்தியதற்கே போய் நில்லுங்கள். பஸ் கிளம்புகிற ஊரிலேயே ஏறப் பாருங்கள், நடுவழி நிறுத்தத்தில் இடம் கிடைப்பது அதிர்ஷ்டம்.

டிக்கெட்டை ஓட்டுநரிடம் கேட்பது

சிகரெட், தபால்தலை விற்கும் "தபாக்கி" கடைகளில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். பஸ்ஸில் ஏறியதும் இயந்திரத்தில் பதிய வேண்டும்; பதியாத டிக்கெட் கையில் இருந்தாலும் அபராதம்தான்.

உருளைச் சக்கரப் பெட்டி

வேண்டாம். எல்லாம் படிக்கட்டு.

பாஸ்போர்ட்டின் படம் போதும் என்று நினைப்பது

போதாது. தங்குகிறவர் ஒவ்வொருவரின் விவரத்தையும் 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்கு அனுப்புவது அங்கே சட்டம். அசலைக் காட்டாதவரை உள்ளே விட ஹாஸ்டல்காரருக்கு உரிமை இல்லை; அவரிடம் வாதாடுவதில் பயனில்லை.

தளத்தில் கட்டியதோடு முடிந்தது என்று நினைப்பது

பல ஊர்களில் ஒரு ஆளுக்கு, ஒரு இரவுக்கு இவ்வளவு என்று நகராட்சி வரி உண்டு. முன்பதிவுத் தொகையில் பெரும்பாலும் அது சேராது, வந்து சேர்ந்ததும் கேட்பார்கள், ரொக்கமாகக் கேட்பவர்களும் உண்டு. படுக்கை மலிவாக இருக்கும்போது இந்த வரியே கண்ணுக்குத் தெரிகிற தொகையாகிவிடும்.

ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு போவது

மாணவர்கள் செலவை மிச்சம் பிடிக்க இதைச் செய்கிறார்கள், புரிகிறது. ஆனால் இத்தாலியில் சாதாரண வீட்டு மின் இணைப்பு 3 கிலோவாட்தான். பழைய கட்டடம், ஏற்கெனவே ஏசியும் வாஷிங் மெஷினும் ஓடிக்கொண்டிருக்கும். பலர் சேர்ந்து தூங்குகிற அறையில் நீங்கள் குக்கரைச் சொருகினால் ஹாஸ்டலே இருட்டாகிவிடலாம். நம் ஊர் மூன்று முள் பிளக் அங்கே நுழையவும் நுழையாது. சமையலறை உண்டா, விருந்தினர் பயன்படுத்தலாமா என்று முன்பே எழுதிக் கேளுங்கள். இல்லையென்றால் ரொட்டி, தக்காளி, அஜெரோலாவின் "ஃபியோர் தி லாத்தே" பாலாடைக்கட்டி: மலிவு, வயிறும் நிறையும், சைவக்காரர்கள் மட்டும் பாலை உறையவைக்கும் ரெனெட் எதிலிருந்து என்று கேட்டுக்கொள்ளுங்கள், கன்றின் வயிற்றிலிருந்தும் அதை எடுப்பார்கள்.

ராத்திரி வந்து கதவைத் தட்டுவது

சின்ன ஹாஸ்டல்களில் இரவு முழுக்க ஆள் இருக்க மாட்டார்கள். வரும் நேரத்தை எழுதி, பதில் வந்த பிறகே கிளம்புங்கள்.

நவம்பரில் போவது

மலிவுதான். ஆனால் சலேர்னோ–அமால்ஃபி படகுகள் அக்டோபர் முடிவு அல்லது நவம்பர் தொடக்கத்தோடு நின்று, வசந்தத்தில்தான் திரும்பும். பாதி ஹாஸ்டல்களும் மூடியிருக்கும். பருவத்திலேயே கடல் கொந்தளித்தால் படகு ஓடாது, அன்றைக்கு எல்லாரும் பஸ்ஸுக்குத்தான் வருவார்கள். கூட்டம் குறைவாகவும் படகு ஓடிக்கொண்டும் இருக்க வேண்டுமென்றால் மே முதல் பாதியையோ செப்டம்பர் கடைசி வாரத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான படுக்கையைப் பிப்ரவரியிலேயே போட்டுவிடுங்கள், ரத்து செய்ய முடிகிற கட்டணத்தில்.